பெயர் தின்னும் பக்கம்

முயல் பிறந்தபோது அழவே இல்லையாம். அழுதால் யாராவது அதட்டுவார்களோ என்று பயந்து, பிரசவம் பார்த்த நர்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அவர் தலையசைத்த பிறகுதான் மெல்லத் தொண்டையைச் செருமினாராம். இதை அவருடைய அம்மா கடைசிவரை சத்தியம் செய்து சொல்லிவந்தார். பெற்றவளே சொல்லும்போது மறுக்க நாம் யார்?

வளர்ந்த பிறகும் அப்படித்தான். லிஃப்டில் ஏறமாட்டார். பலூன் கட்டிய வீட்டுக்கு விருந்துக்குப் போகமாட்டார். தொலைபேசி மணி அடித்தால், அடித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு தானே அழைத்து, "கூப்பிட்டீங்களா?" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் கேட்பார். நாய் என்றால் கேட்கவே வேண்டாம். பிஸ்கட் பொட்டலத்தில் நாய்ப்படம் இருந்தால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். முயல் என்ற பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அவ்வளவு பொருத்தம்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டவளோ நீச்சல் டீச்சர். ஆழமான பக்கத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கரையில் நின்று வேர்க்கடலை கொறிக்கிற ரகம். அவளிடம் சம்மதம் கேட்க வந்த நாளில், வாசல் மணியை அழுத்தப் பயந்து முயல் மழையில் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவளே கதவைத் திறந்து, "சரி, சம்மதம். உள்ள வந்து தலைய தொவட்டுங்க" என்றாள். கேள்வியை அவர் இன்றுவரை கேட்கவில்லை.

முயலுக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவின் முன்மேசையில். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வருவார்கள். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, தங்கள் ரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பிக் கழுவி வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். பிறகு மூச்சு முட்டும். அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிரிவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த நாற்காலி என்று பார்த்து ஒட்டுவதுதான் முயலின் வேலை. ஒட்டுவது என்றால் நிஜமாகவே ஒட்டுவது. சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய காந்தப் பட்டை.

ஒருநாள் சுவருக்கு வர்ணம் அடிக்க வந்தவர் ஏணியை அந்தப் பலகைமேல் சாய்த்தார். பலகை விழுந்தது. பெயர்களெல்லாம் கட்டிலுக்கடியிலும் அலமாரிக்கடியிலும் ஓடி ஒளிந்தன. முயல் தரையில் தவழ்ந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, நினைவிலிருந்தே திரும்ப ஒட்டினார்.

சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "முயலாரே! என்னை ரெண்டு எடத்துல ஒட்டிடாதீங்க. கழுவுறதுக்கு எங்கிட்ட அவ்வளவு ரத்தம் கெடையாது!"

பேண்டு மாஸ்டர். ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பெரிய முரசின் பக்கத்திலேயே நின்றதில் காது முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் விரல் ஓயாது. ஊசி குத்தாத கையால் நாற்காலியின் கைப்பிடியில் தாளம் தட்டிக்கொண்டே இருப்பார். 'தட் தட்... தடதட் தட்.' அவர் வந்திருக்கிறாரா என்று பார்க்கத் தலை நிமிர்த்தவே வேண்டாம், காதே சொல்லிவிடும்.

பலகையைத் தூக்கி மாட்டும்போதுதான் முயல் வாய்தவறி, "இதையே ஒரு வெப் பக்கமா வெச்சிருந்தா கீழ விழாது" என்று முணுமுணுத்தார். பின்னால் பெரிய சிஸ்டர் நின்றிருந்தார். பெரிய சிஸ்டர் என்றால் அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். அவர் தாழ்வாரத்தில் நடந்துவந்தால் கட்டில்களே விறைத்து நேர்கோட்டில் நிற்கும்.

"அப்ப செய்" என்றார் பெரிய சிஸ்டர்.

"நான் இல்ல சிஸ்டர். தெரிஞ்சவங்க யாராவது..."

"உனக்குத் தெரியலன்னா தெரிஞ்சுக்கோ. எல்லார் பேரையும் மனசுல வெச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

 முயலுக்குப் பெரிய சிஸ்டரிடம் முடியாது என்று சொல்வது வெப் அப்ளிகேஷன் கட்டுவதைவிடப் பயங்கரம். எனவே கட்டினார்.

தூரத்து ஊரில் கணினி வேலை பார்க்கும் மச்சினியிடம் யோசனை கேட்டார். "ஃப்ரேம்வொர்க் ஒண்ணு எடுத்துக்கோங்க அத்தான்" என்றாள். "எல்லாத்தையும் நீங்களே எழுத வேண்டாம். பாதி கட்டி முடிச்ச வீடு மாதிரி. சுவரு, கதவு, பூட்டு, குழாய் எல்லாம் இருக்கும். உள்ள எது எங்க இருக்கணும்னு நீங்க சொன்னா போதும்."

"பாதி வீடுன்னா... மீதிப் பாதி நம்ம தலையில விழாதே?"

"அத்தான், கம்ப்யூட்டர் கடிக்காது."

"நாயையும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் முயல்.

விடுமுறை நாட்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இணையத்தில் இருந்த பாடத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கட்டளையைத் தட்டச்சு செய்வார். என்டர் பட்டனை அழுத்துவார். உடனே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து சுவரோரம் போய் நிற்பார்.

"என்னங்க, திரியக் கொளுத்திட்டா ஓடுறீங்க?" என்பாள் மனைவி.

அவரை அதிகம் மிரட்டியது சிவப்புப் பக்கம். எங்காவது தவறு நேர்ந்தால் அந்த ஃப்ரேம்வொர்க் திரை முழுக்கச் சிவப்புப் பட்டை போட்டு, எந்தக் கோப்பில் எந்த வரியில் என்ன பிழை என்று நீளமாக எழுதிக்காட்டும். அது உதவி செய்யத்தான் பார்க்கிறது. முயலுக்கோ பெரிய சிஸ்டரே திரைக்குள் வந்து நின்று திட்டுவதுபோல இருக்கும். ஒருமுறை துண்டை எடுத்துத் திரையை மூடிவிட்டார். மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னு சொல்லுதுங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டையே தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினாள்.

எப்படியோ வீடு எழும்பியது. உள்ளே நுழையக் கடவுச்சொல். நாள்தோறும் ஒரு பக்கம். நோயாளிகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசியில் பாக்கி இருந்தது ஒன்றுதான்: யாராவது வரமுடியாது என்று சொன்னால் பெயரை எடுப்பதற்கு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ரத்து' என்று ஒரு வசதி.

பாடத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. லிங்க் என்பது பார்ப்பதற்கு. எதையாவது மாற்றுவதோ அழிப்பதோ ஃபார்முக்குள் பட்டன் வைத்துத்தான் செய்யவேண்டும். லிங்க் வைத்து எதையும் அழிக்காதே.

முயல் ஃபார்ம் வைத்தார். பட்டனை அழுத்தினார். திரை சிவந்தது. 'அனுமதி இல்லை' என்றது. ஒவ்வொரு ஃபார்முக்குள்ளும் அந்த ஃப்ரேம்வொர்க் ஒரு ரகசியச் சீட்டை எதிர்பார்க்கும். பட்டனை அழுத்தியது உள்ளே வந்த ஆள்தானா, வெளியிலிருந்து யாராவது ஏய்க்கிறார்களா என்று பார்க்கத்தான் அது. ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த வரி என்ன என்பதும் அந்தச் சிவப்புப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் 'அனுமதி இல்லை' என்ற சொல்லைத் தாண்டி முயல் கண் போகவில்லை. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் தன் பெயர் சுழிக்கப்படுவதுபோல இருந்தது. ஃபார்மை அழித்தார். அந்த இடத்தில் ஒரு லிங்க் வைத்தார். தொட்டதும் பெயர் போயிற்று. சிவப்பு இல்லை, சத்தம் இல்லை. வெண்ணெய் மாதிரி.

"எல்லாம் பாடத்துல சொன்னபடிதானே அத்தான்?" என்று மச்சினி தொலைபேசியில் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் முயல். வாழ்க்கையில் அவர் சொன்ன மிகத் தைரியமான வார்த்தை அதுதான். பொய்யும்கூட.

பக்கம் வேலைக்கு வந்தது. பலகையைக் கழற்றி மூட்டைகட்டி, பழைய கட்டில்களோடு அடித்தளத்து அறையில் போட்டார்கள். நோயாளிகளைக் கூட்டிவரும் வேன் டிரைவர் காலையில் தன் கைபேசியிலேயே பக்கத்தைத் திறந்து, யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பார்த்துக்கொண்டு கிளம்பினார். எல்லாரும் முயலைப் பாராட்டினார்கள். பாராட்டப் பாராட்ட முயலுக்கு உதறல் கூடியது.

"எல்லாம் நல்லாத்தானே போகுது? அப்புறம் ஏன் முகத்த இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அதுதான் பயமா இருக்கு."

அவர் பயப்பட்டது வீண்போகவில்லை.

ஒருநாள் காலை பக்கத்தைத் திறந்தால் தையல்காரம்மாவின் பெயரைக் காணோம். அவருக்கு இதயமும் பலவீனம். ரத்து செய்யச் சொல்லி அவர் சொல்லவில்லை. முயல் பெயரைத் திரும்பச் சேர்த்தார். அடுத்த முறையும் அதே பெயர் போயிருந்தது. அதோடு புதிதாகச் சேர்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் பெயரும். அந்தப் பெண்ணுக்கு ஊசி குத்தும்போதெல்லாம் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். அதற்கடுத்த முறை பேண்டு மாஸ்டர்.

முயல் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவேண்டிவரும். தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, வேன் டிரைவர் கைபேசியைத் திறப்பதற்குள், மனதில் இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டு, காணாமல் போனதை ஓசைப்படாமல் திரும்ப வைத்துவிடுவார். திருடன் திருடிய பொருளைத் திரும்ப வைக்கிற மாதிரி. தன் நிரலை வரிவரியாகப் படித்தார். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. கடவுச்சொல்லை மாற்றினார். பெயர்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

பெயர்கள் போனதைவிட, எந்தப் பெயர்கள் போயின என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. நன்றாகத் தேறி, சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவர்கள் பெயர் ஒன்றுகூடப் போகவில்லை. மூச்சு வாங்குகிறவர்கள், கால் வீங்கியவர்கள், நிலைமை மோசமானவர்கள், இவர்கள் பெயராகப் பார்த்துப் பார்த்துப் போனது. யாரோ பொறுக்கி எடுக்கிறார்கள். அந்தப் பிரிவில் வாய்விட்டுச் சொல்லாத அந்த ஒருவர், தான் கட்டிய வீட்டுக்குள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாரா? முயலுக்கு அப்படித்தான் தோன்றியது. சிரிக்காதீர்கள். அந்தக் காலை வேளையில், ஆளில்லாத பிரிவில், வரிசையாக மூடிபோட்டு நிற்கும் இயந்திரங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தோன்றும்.

"என்னங்க, சாப்பாட்டுல கை வெச்சுட்டு எங்க பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னா ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம். யார்கிட்டயாவது சொல்லிடுங்க. எங்கிட்ட வேண்டாம், சொல்லவேண்டியவங்ககிட்ட."

அவர் சொல்லவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. முயல் வழக்கம்போல முன்னதாக வந்து, பெயர்களைச் சரிபார்த்து, பேண்டு மாஸ்டரைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அப்பாடா என்று தேநீர் வாங்கப் போனார். திரும்பி வரும்போது பெரிய சிஸ்டர் தன் அறையில் இருந்தார். அவ்வளவு சீக்கிரம் அவர் வருவதில்லை. முயல் ஒரு சலாம் வைத்துவிட்டு நழுவினார். வேன் போய் வந்தது. நோயாளிகள் ஏறி உட்கார்ந்தார்கள். இயந்திரங்கள் சுழன்றன.

முயல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எங்கேயோ ஏதோ சரியில்லை. இயந்திரங்களின் ஓசை இருந்தது. தாளம் இல்லை.

பேண்டு மாஸ்டரின் நாற்காலியில், இடம் கிடைக்குமா என்று காத்திருப்போரில் ஒருவரான மளிகைக்கடைக்காரர் படுத்திருந்தார். இடம் காலியாக இருக்கிறதே என்று அவரை உட்காரவைத்திருக்கிறார்கள். முயல் பக்கத்தைத் திறந்தார். காலையில் தன் கையால் வைத்த பெயர் அங்கே இல்லை.

பேண்டு மாஸ்டருக்கு வீட்டில் வேறு யாரும் கிடையாது. தொலைபேசி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. காது கேட்காதவர் வீட்டில் மணி அடித்து என்ன பயன்?  முயல் நேராகப் பெரிய சிஸ்டர் அறைக்குப் போனார். அந்த நாலடி தூரம் நாலு மைல் நீண்டது.

"சிஸ்டர், பேண்டு மாஸ்டர் வரல."

"ஏன்?"

"வேன் போகல. பக்கத்துல பேர் இல்ல."

"ஏன் இல்ல?"

"தெரியல சிஸ்டர். கொஞ்ச நாளா பேருங்க தானா போகுது. நான் திரும்பத் திரும்ப எழுதி வெச்சிட்டு... யார்கிட்டயும் சொல்லல."

அவர் கத்துவார் என்று முயல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.   கண்ணைத் திறந்தபோது பெரிய சிஸ்டரின் முகம் வெளிறியிருந்தது.

"போன தடவையே அவருக்குக் காலு ரெண்டும் வீங்கியிருந்தது" என்றார். "அந்தக் கவலையிலதான் இன்னிக்கு நான் சீக்கிரமே வந்தேன். வீல்சேர எடுத்துக்கோ. வேன்ல நீயே போ. ஓடு!"

முயல் ஓடினார். சக்கர நாற்காலியோடு லிஃப்டில் இறங்கியதை அவர் உணரவே இல்லை. கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோதுதான், 'இது லிஃப்ட்தானே?' என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

வேன் அந்தச் சந்துக்குள் நுழையாது. முனையில் இறங்கி நடக்கவேண்டும். நடுச்சந்தில் ஒரு நாய் நின்றது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். முயலைக் கேட்டால் காண்டாமிருக உயரம் என்பார். அது பல்லைக் காட்டியது. முயல் சக்கர நாற்காலியைக் கேடயம்போல முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, "அவர் வரணும், அவர் வரணும்" என்று முனகிக்கொண்டே உருட்டினார். இப்படி ஒரு மனிதனை அந்த நாய் பார்த்ததே இல்லை. குழம்பிப்போய் ஒதுங்கி வழிவிட்டது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். கத்தினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே பேண்டு மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் ஷூ. மடியில் ஆஸ்பத்திரிப் பை. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. கைகள் அசையவில்லை. எப்போதும் அசைகிற அந்தக் கைகள்.

 ஓடிவிடலாம் என்றுதான் முயலின் உடம்பு முழுக்கச் சொன்னது. ஓடாமல் கதவுக்கு வந்து இரண்டு கையாலும் அடித்தார். வெறுமனே அடித்தால் கேட்காது. மரம் அதிரவேண்டும், தரை அதிரவேண்டும். எனவே அவருக்குத் தெரிந்த ஒரே தாளத்தில் அடித்தார். 'தட் தட்... தடதட் தட்.' நாய் குரைத்தது. சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. 'தட் தட்... தடதட் தட்.'

உள்ளே தாழ்ப்பாள் அசைய எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கதவு திறந்தது. பேண்டு மாஸ்டர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"வேன்... வரல... முயலாரே. என்னை... விட்டுட்டீங்களோன்னு..."

 முயல் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அப்புறம்..." என்றார் பேண்டு மாஸ்டர், தலையை அவர் பக்கம் சாய்த்து. "தாளம்... தப்பு."

ஆஸ்பத்திரியில் மளிகைக்கடைக்காரர் தானாகவே எழுந்து, ஊசியைக் கழற்றச் சொல்லி, இடத்தை விட்டுவிட்டார். பெரிய சிஸ்டரே ஊசி குத்தினார். மத்தியானம் தாண்டி, பேண்டு மாஸ்டரின் ஆள்காட்டி விரல் கைப்பிடியில் ஒருமுறை மெல்லத் தட்டியது. அதுவரை அந்தப் பிரிவில் யாரும் உரக்கப் பேசவில்லை.

அதன்பிறகு பெரிய சிஸ்டர் முயலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இப்ப உக்காரு. இது எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"எனக்கும் தெரியல சிஸ்டர். நீங்க தினமும் இத எப்படிப் பாப்பீங்களோ, அப்படியே பாருங்க. நான் பின்னால நிக்கிறேன்."

பெரிய சிஸ்டர் நாளைய பக்கத்தைத் திறந்தார். ஒரு கையில் தேநீர், மறுகையில் மவுஸ். புத்தகம் படிக்கும் பிள்ளை வரிக்கு வரி விரல் வைத்துப் போகுமே, அப்படி அம்புக்குறியைப் பெயருக்குப் பெயர் நகர்த்திக்கொண்டு படித்தார். நன்றாக இருக்கிறவர்கள் பெயரை விறுவிறுவென்று தாண்டினார். தையல்காரம்மாவிடம் வந்ததும் அம்புக்குறி நின்றது. பெயரை மறைக்காமல் பெயருக்குப் பக்கத்தில் நின்றது. 'ரத்து' என்ற சொல்லின்மேல்.

"இவங்களுக்கு நேத்து பேசும்போதே மூச்சு எரைச்சுது" என்றார். அங்கேயே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு நகர்ந்தார். கல்லூரிப் பெண்ணிடம் மறுபடி நின்றார். "பாவம் சின்னப் பொண்ணு."

அவர் எதையும் அழுத்தவில்லை. மவுஸின்மேல் விரல் சும்மாதான் இருந்தது.

முயல் முன்னால் குனிந்தார். "சிஸ்டர், பக்கத்தை இன்னொரு தடவை திறங்க."

திறந்தார். தையல்காரம்மா இல்லை. கல்லூரிப் பெண் இல்லை.

பெரிய சிஸ்டர் தேநீரைக் கீழே வைத்தார்.   "நான் தொடவே இல்லையே!"

"நீங்க நிக்கிற எடத்துலதான் போகுது."

அப்போதுதான் முயல் திரையின் மேல்மூலையில் ஒரு சின்ன ராக்கெட் படத்தைக் கண்டார். அவர் கணினியில் அது இல்லை. "இது என்ன?"

"பக்கம் மெதுவா வருதுன்னு சொன்னேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்து போட்டுக்கொடுத்தார். நல்லா வேகமா வருது இப்ப."

மச்சினியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவள் பாதி கேட்டதுமே புரிந்துகொண்டாள். "அந்த ராக்கெட் என்ன செய்யும்னா, நாம எந்த லிங்க் மேல அம்புக்குறிய வெக்கிறோமோ, அடுத்து அதத்தான் அழுத்துவோம்னு தானே ஊகிச்சு, முன்னாடியே போய்த் திறந்து வெச்சுக்கும். லிங்க்னா பாக்கத்தானே, திறந்தா என்ன கெட்டுப்போகுதுன்னு ஒரு நம்பிக்கை." அவள் குரல் நின்றது. "அத்தான், ரத்துக்கு ஃபார்ம்தானே வெச்சீங்க?"

 பெரிய சிஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... யாரைப் பத்தி நான் ரொம்பக் கவலைப்பட்டேனோ," என்றார் மெல்ல, "அவங்களத்தான் நான் ஒவ்வொருத்தரா..."

அங்கே முயல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழி அழகாக ராக்கெட்டின்மேல் போயிருக்கும், ரிப்பேர்க்காரர்மேல் போயிருக்கும். பெரிய சிஸ்டரே தன்மேல் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். முயல் வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட பொந்துகளில் புகுந்தே பிழைத்தவர்.

"இல்ல சிஸ்டர்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் செஞ்சது. லிங்க் வெக்காதேன்னு பாடத்துல எழுதியிருந்தது. ஃபார்ம் வெச்சேன், சிவப்பா வந்தது. பயந்துபோய் லிங்க்கா மாத்திட்டேன். இவ கேட்டப்பவும் பொய் சொன்னேன். பேரு காணாமப்போன மொத நாளே உங்ககிட்ட வந்திருந்தா இன்னிக்கு அவருக்கு இப்படி ஆகியிருக்காது."



 பெரிய சிஸ்டர் எழுந்து கதவைத் திறந்து, "அந்தப் பலகைய மேல கொண்டுவரச் சொல்லு" என்றார். "நீ இத சரிபண்றவரைக்கும் சுவருலதான் ஒட்டணும். சரிபண்ண அப்புறமும் அது சுவருலயே இருக்கட்டும். நீ செஞ்சத அந்த மனுஷன்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

அன்று மாலையே முயல் ஃபார்மைத் திரும்ப வைத்தார். திரை சிவந்தது. 'அனுமதி இல்லை' என்றது. அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டு, எழுந்து ஓடாமல், அந்தச் சொல்லைத் தாண்டிக் கீழே படித்தார். மருந்து கீழேயே எழுதியிருந்தது. ஒரு வரி. சேர்த்ததும் சிவப்பு போயிற்று. உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. அதோடு நிற்காமல், 'நிஜமாகவே ரத்து செய்யலாமா?' என்று ஒரு கேள்வி வைத்தார். பிறகு 'நன்றாக யோசித்தீர்களா?' என்று இன்னொன்று. 'அவரிடம் கேட்டீர்களா?' என்று மூன்றாவது. இப்போதும் யாராவது ஒரு பெயரை எடுக்கவேண்டுமானால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுக்கிறார்கள்.

பேண்டு மாஸ்டரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அடுத்த முறை அவர் வந்து சாய்ந்ததும், அவர் காதருகே குனிந்து, பிரிவு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லவேண்டியிருந்தது. ரகசியமாகச் சொல்ல அந்தக் காது இடம்கொடுக்காதே. சிவப்புப் பக்கம், லிங்க், பொய், எல்லாவற்றையும் ஊரறியச் சொன்னார். தையல்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். கல்லூரிப் பெண் காதிலிருந்த பாட்டை எடுத்துவிட்டாள்.

பேண்டு மாஸ்டர் தட்டுவதை நிறுத்தினார். "வேன் வரலன்னு தெரிஞ்சதும் பக்கத்து வீட்டுல போய் நான் சொல்லியிருக்கலாம்" என்றார். "தொந்தரவுன்னு நெனைப்பாங்களோன்னு பயந்து உள்ளயே உக்காந்துட்டேன். செத்தாலும் பரவால்ல, தொந்தரவு குடுக்கக்கூடாதுன்னு. நீ மட்டும்தான் முயல்னு நெனைச்சியா?"

முயல் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"சரி, இன்னொரு தடவை பேரு காணாமப்போச்சுன்னா?"

போகாது என்று சொல்ல முயல் வாயைத் திறந்தார்.  "வந்து கதவத் தட்டுறேன்" என்றார்.

"தட்டு. ஆனா சரியாத் தட்டு." பேண்டு மாஸ்டர் முயலின் கையைப் பிடித்துக் கைப்பிடியின்மேல் வைத்து, தாளம் எங்கே தப்பியது என்று காட்டினார்.

பேண்டு மாஸ்டரின் முறை வரும் நாட்களில் முயல் ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கிவிடுகிறார். பக்கத்தில் பெயர் இருக்கிறது. சுவரில் பட்டை இருக்கிறது. இருந்தாலும் இறங்குகிறார். சந்து முனையில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறார். அடிக்க அல்ல. தேவைப்பட்டால் வேகமாக ஓட. நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. பழைய ஞாபகமோ என்னவோ, அதுவே ஒதுங்கிப் போகிறது. முயல் கதவில் தட்டிவிட்டு, காதை மரத்தோடு ஒட்டவைக்கிறார்.

உள்ளேயிருந்து பதில் வருகிறவரை அவர் மூச்சு விடுவதில்லை.

'தட் தட்... தடதட் தட்.'